நவமணிக்கு வாங்கிய லென்ஸ்

சன்னாசிக் கங்காணி வீட்டுப் பெண்கள் அதுவரை யாருடைய கேமராவின் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. ஈப்போவுக்குப் போனால்கூட, படம் பிடிக்கும் கடைகள் இருக்கும் தெருவை அவர்கள் எதிர்ப் பக்கமாகவே நடந்து கடப்பார்கள். அந்நியன் ஒருவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வீட்டுப் பெண்ணை உற்றுப் பார்ப்பதாவது என்பார் கங்காணி. அதில் தவறு ஒன்றும் இல்லை. லகாட்டுக்கு மேற்கே, கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டத்தில் காடு வெட்டிய நாளிலிருந்து இருந்துவரும் குடும்பம் அது. விடியலில் இருநூறு பேரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிறவர் வீட்டில் இப்படி ஒரு கண்டிப்பு இல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் மதிப்பார்கள்?

தை மாதக் கடைசியில் அந்தக் கண்டிப்பு ஒரு முறை தளர்ந்தது. பாரிட் புந்தாரில் அரிசி மில்லில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த மாயாண்டியின் மகன் அர்ச்சுனனுக்குக் கங்காணியின் மகள் நவமணியைக் கேட்டிருந்தார்கள். பையன் கால்வாய் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. அவனுடைய தாய் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். ரயிலேறி வந்து பெண் பார்க்க முடியாது, மருமகள் முகத்தைப் படத்திலாவது காட்டுங்கள் என்று கேட்டனுப்பியிருந்தாள். படுத்திருக்கிற தாய் கேட்டதை மறுப்பது மரியாதை ஆகாது. படம் பிடிக்க வெளி ஆளும் தேவைப்படவில்லை. கங்காணியின் தம்பி உடையப்பனிடமே ஒரு கேமரா இருந்தது.

மாசியில் படம் திரும்பி வந்தது.

கொண்டுவந்தவர் அப்பாவு. வெற்றிலை வியாபாரத்துக்காக வாரம் ஒரு முறை வடக்கே ரயிலில் போய்வருகிறவர். இந்தச் சம்பந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். கங்காணியின் மனைவி மங்களம் அவருக்குக் கோப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கிழங்கைத் தொட்டார். எடுக்கவில்லை.

“கெழங்கு வேகலயாண்ணே?” என்று கேட்டாள் மங்களம்.

“வெந்திருக்கு தங்கச்சி. தைப்பிங் ஸ்டேஷன்லயே பசியாறிட்டேன்.”

“அப்ப சேதியச் சொல்லுங்க மச்சான்,” என்றார் கங்காணி.

அப்பாவு வெற்றிலைப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய படத்தை எடுத்துப் பாயின்மேல் வைத்தார். “படத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“பாத்தாச்சுன்னா திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே.”

“பாத்துட்டு ஒன்னு கேட்டாங்க.”

“கேக்கட்டும்.”

“பொண்ணுக்கு ஒடம்புல படை எதாச்சும் உண்டான்னு கேட்டாங்க மச்சான். நான் கேக்கல. அந்தம்மா கேட்டுச்சு.”

கங்காணி செய்தித்தாளைப் பிரித்தார். நவமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தும் கைகளும் அவளுடைய நிறத்தில் இருந்தன. முகம் மட்டும் கறுத்துத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. கன்னத்தில் ஒரு இடம் கரி, பக்கத்தில் ஒரு இடம் வெளிறல். வீட்டுக்குள் கழுவித் துடைத்த பாத்திரம்போல வளைய வருகிற பெண்ணின் முகமே இல்லை அது. படம் போகும்முன் அவரும்தான் பார்த்திருந்தார். படமென்றால் இப்படித்தான் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

“யாரு யாரு பாத்தாங்க?”

“வீட்டாளுங்க பாத்தாங்க. மில்லுல ரெண்டு பேரு பாத்திருக்காங்க. மாயாண்டிதான் எடுத்துட்டுப் போயிருக்காரு. கெட்ட எண்ணம் ஒன்னும் இல்ல, வரப்போற மருமவள்னு காட்டலாம்னு.”

“பையன் என்னா சொன்னான்?”

“படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.” அப்பாவு குரலைத் தாழ்த்தினார். “பங்குனி பொறக்குறதுக்குள்ள வேற படம் ஒன்னு அனுப்புங்க மச்சான். படம் புடிக்கிற பொட்டி கெட்டுப்போச்சு, பொண்ணு வெளக்கி வச்ச குத்துவெளக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லாட்டி அவங்க காம்பார்ல வேற எடம் பாப்பாங்க. பாத்துட்டுப் போகட்டும். ஆனா லகாட்டுப் பொண்ண ஏன் விட்டீங்கன்னு நாலு பேரு கேப்பாங்க இல்ல? அதுக்கு அவங்க ஒரு பதில் சொல்லுவாங்க.”

அந்தப் பதில் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குட்டம் என்ற சொல் ஒரு வீட்டின்மேல் விழுந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயில்கூட முறை கிடைக்காது. முதலில் தோட்டத்து மருந்துச்சாலை டிரெஸ்ஸர் வருவார், பிறகு வெள்ளைக்கார டாக்டர் வருவார், அதன்பின் நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் தீவுக்குப் போகும் படகு. நோய் இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் பேச்சு நிற்காது.

அப்பாவு போன பிறகு மங்களம் கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே நவமணி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

உடையப்பன் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து அந்தக் கேமராவை நான்கு வருஷத்துக்கு முன் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு மலைகளையும் ஈயச் சுரங்கத்துக் குளங்களையும் பிடித்து வருவான். பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு போகும்போது கேலி செய்வார்கள். “கிராணியாரே, மரம் ஆடாம நிக்குதுன்னு அதையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்களா?” உண்மையும் அதுதான். நவமணிக்கு முன்னால் அவன் ஒரு பெண்ணின் முகத்தைப் படம் பிடித்ததே இல்லை.

ஆபீஸ் விட்டு வந்தவனிடம் கங்காணி படத்தை நீட்டினார்.

“ஒம் பொட்டி எம் மவ மூஞ்சியில கரியப் பூசிருச்சு.”

உடையப்பன் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பொட்டியில தப்பு இல்லண்ணே. முன்னால இருக்குற கண்ணாடி சரியில்ல. அது ஒத்தக் கண்ணாடி. நடுவுல ஒரு மாதிரி காட்டும், ஓரத்துல ஒரு மாதிரி கலங்கும். மலைக்கு அது போதும். மூஞ்சிக்கு நல்ல லென்ஸ் வேணும்.”

“அத அப்பவே சொல்றதுக்கு என்னா?”

“அப்ப எனக்கே தெரியாதுண்ணே.”

“நல்லது எங்க கெடைக்கும்?”

“ஈப்போவுல மதார் சாகிப் கடையில கெடைக்கும்.”

“போய் வாங்கு. ஆனா ஒன்னு, இந்தப் படத்த எவங்கிட்டயும் காட்டக் கூடாது. கடைக்காரங்கிட்டயும் காட்டக் கூடாது. காட்டுற எடமெல்லாம் பேச்சு முளைக்குது.”

அது நியாயமான கட்டளைதான். அந்தக் கட்டளைதான் அவர்களை மேலும் பதினைந்து நாள் அலைக்கழித்தது.

மதார் சாகிப் கடை ஈப்போ பழைய டவுனில் ஆற்றை ஒட்டி இருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பார், மூக்குக் கண்ணாடி விற்பார், கப்பலேறும் துரைமார் விட்டுப்போன கேமராக்களையும் லென்ஸ்களையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். உடையப்பன் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டுக் கேமராப் பெட்டியோடு உள்ளே போனான்.

“வாங்க கிராணியாரே. ரெண்டு மாசமா ஆளக் காணோம். படம் விழுற கண்ணாடித் தட்டு வாங்கவா?”

“தட்டு இருக்கு பாய். லென்ஸ் பாக்கணும். முகம் எடுக்குறதுக்கு.”

“முகமா? மலையெல்லாம் முடிஞ்சு போச்சா?” சாகிப் சிரித்துக்கொண்டே பச்சைத் துணியை விரித்து மூன்று லென்ஸ்களை எடுத்துவைத்தார். முதலாவது சிரட்டை அளவு பருமனான பித்தளைக் குழாய். “இது இங்கிலீஸ்காரன் செஞ்சது. துரைசானிமாருக்குன்னே செஞ்சது. மூஞ்சி வெண்ணெயாட்டம் வரும். சுத்தி இருக்குறதெல்லாம் கரைஞ்சு போயிரும். சுருக்கம் தெரியாது. அம்மைத் தழும்பு இருந்தாக்கூட அமுங்கிரும்.”

“ஒன்னுமே தெரியாதா?”

“கொஞ்சம் தள்ளி வச்சு எடுத்தீங்கன்னா எந்த மூஞ்சியும் நல்ல மூஞ்சிதான்.”

உடையப்பன் அதைக் கையில் எடுத்தான். நல்ல கனம். இதை வைத்து எடுத்தால் திட்டெல்லாம் கரைந்துபோகும், வேலை இன்றைக்கே முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. நோய் இல்லாத முகத்தை ஏன் மறைக்க வேண்டும்? மறைத்து அனுப்பிய முகம் நாளை நேரில் போய் நின்றால் அங்கே என்ன பேச்சு வரும்?

“மறைக்க எங்க வீட்டுல ஒன்னும் இல்ல பாய். இருக்குறத இருக்குறபடி காட்டுறது வேணும்.”

“அப்ப இந்தா, இது பிரெஞ்சுக்காரன் சாமான்.” இரண்டாவது புதுக் காசுபோல மின்னியது. உடையப்பன் அதை வாசல் பக்கம் கொண்டுபோய், கறுப்புக் குடைத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“பூஞ்சணம் புடிச்சிருக்கு.”

“எங்க?”

“நேராப் பாத்தாத் தெரியாது. இப்படிச் சாய்ச்சுப் பாருங்க. உள்பக்கம், ஓரத்துல, சிலந்தி நூல் மாதிரி.”

சாகிப் வாங்கிப் பார்த்தார். “கண்ணு இருக்கு ஒங்களுக்கு. போன வாரம் ஒருத்தரு பித்தள மினுமினுப்பப் பாத்துட்டு இதத்தான் எடுத்துவைக்கச் சொல்லிட்டுப் போனாரு. ஈரம் புடிச்ச ஊருல்ல இது. கண்ணாடியும் அழுவுது, கடிகாரமும் அழுவுது.”

மூன்றாவது சிறியது. கறுப்புச் சாயம் விளிம்பில் தேய்ந்திருந்தது. உள்ளே கடுகு அளவில் இரண்டு குமிழிகள்.

“இதுல குமிழி இருக்கே பாய்.”

“இருக்கட்டும். ஜெர்மன்காரன் காச்சுன கண்ணாடி. ஒசந்த கண்ணாடிய உருக்குறப்ப ரெண்டு குமிழி நிக்கத்தான் செய்யும். படத்துல விழாது. நாலு கண்ணாடி சேத்து செஞ்சது. வெளக்கக் காட்டி உள்ள எத்தன வெளக்கு தெரியுதுன்னு எண்ணிப் பாருங்க, புரியும். பித்தளைய வாங்காதீங்க தம்பி, கண்ணாடிய வாங்குங்க. சந்தேகம்னா பொட்டியில மாட்டிப் பாருங்களேன்.”

உடையப்பன் மாட்டினான். கேமராவை வாசலில் நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டு, எதிரே இருந்த சீனர் மருந்துக் கடையின் பலகையைப் பார்த்தான். பின்பக்கத்துப் பால்கண்ணாடியில் பலகை தலைகீழாக விழுந்தது. பழைய லென்ஸில் மூலைக்குப் போகப் போக எழுத்துகள் எண்ணெயில் விழுந்ததுபோல் ஆகிவிடும். இதில் கடைசி எழுத்தின் கடைசிக் கோடுவரை ஊசியால் கீறியதாக நின்றது. பலகையின் மேல் உட்கார்ந்திருந்த சிட்டுக்குருவியின் கால்கூடத் தெரிந்தது. அவன் நெடுநேரம் துணிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

“எத்தன அங்குலம்?” என்று உள்ளிருந்தே கேட்டான்.

“எட்டரை. ஒங்க பழசு அஞ்சேகாலுதானே? அத வச்சுக்கிட்டு மூஞ்சிக்குக் கிட்டப் போயிருப்பீங்க. கிட்டப் போனா எந்த மூக்கும் உருளைக்கெழங்காட்டம்தான் விழும். இது தள்ளி நின்னு பாக்கும். பொட்டியில இருக்குற துருத்தி அவ்ளோ நீளுமா?”

“நீளுது.”

“அப்ப சரி.” சாகிப் பீடியைப் பற்றவைத்தார். “எடுத்த படத்தக் காட்டுங்களேன். என்னா கோளாறுன்னு பாத்துட்டு வாங்குனா நல்லது.”

“அது வீட்டுப் படம் பாய்.”

சாகிப் தலையசைத்தார். அவர் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். “காட்ட வேணாம், வாயால சொல்லுங்க. எந்தத் தட்டுல எடுத்தீங்க?”

“நீங்க குடுக்குற சாதாத் தட்டுதான்.”

“அந்தத் தட்டுக்கு எல்லா வர்ணமும் தெரியாது தம்பி. செவப்பு வெளக்குல வச்சுத்தானே கழுவுறீங்க? செவப்பு அதுக்குக் குருடு. இன்னும் ரெண்டொரு வர்ணம் அப்படித்தான். சேலை என்னா வர்ணம்?”

“சேலையில கோளாறு ஒன்னும் இல்ல. லென்ஸக் கட்டிக் குடுங்க பாய்.”

வீட்டுப் பெண்ணின் சேலை நிறத்தைப் பற்றி ஒரு கடையில் நின்று பேச உடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. லென்ஸுக்கு ஈடாக சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு, கேமராப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு லகாட் ரயிலைப் பிடித்தான். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துச் சடக்குப் பாதையில் நடந்தே வந்தான்.

கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. செம்பு நிறத்தில் இலைகள் கொட்டிக் கிடக்க, வருஷம் முழுக்க இருண்டிருக்கும் கங்காணி வீட்டு வாசலில் வெளிச்சம் இறங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு காலை, புகைக் கூடத்திலிருந்து கித்தாப் புகை மெல்ல வந்துகொண்டிருந்த நேரத்தில், மங்களம் அம்மியில் மஞ்சளை இழைத்து வழித்தாள்.

“போன வாட்டி கொஞ்சமாப் பூசிட்டேன். அதான் மொகத்துல செழிப்பு இல்ல,” என்றபடி நவமணியின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

“எரியுதும்மா.”

“எரிஞ்சா எரியட்டும். மாரியாத்தாவே மஞ்சள்லதான் குளிக்கிறா. ஒனக்கு என்னா?”

கங்காணி வேலி ஓரத்தில் பிரம்போடு முதுகு காட்டி நின்றார். அந்த வழியாகத் தண்ணீருக்குப் போன இரண்டு பெண்களைச் சுற்றிப் போகச் சொன்னார். உடையப்பன் கேமராவை வழக்கத்தைவிட நான்கு அடி தள்ளி நிறுத்தினான்.

“ஆடாம இரு. நாலு எண்ணுற வரைக்கும் கண்ணச் சிமிட்டக் கூடாது.”

“மூச்சு விடலாமா சித்தப்பா?”

“மெதுவா விடு.”

“அதுவும் படத்துல விழுந்துட்டா? மூச்சு எளைப்பு உண்டான்னு கேட்டு அனுப்புவாங்க.”

வேலி ஓரத்திலிருந்து கங்காணியின் குரல் வந்தது. “பேசாம இரு புள்ள.”

அரிசி வைக்கும் அறையில் சன்னல் சந்துகளைச் சாக்கால் அடைத்து, சிவப்பு விளக்கில் உடையப்பன் தட்டைக் கழுவினான். காய்ந்த பிறகு தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தான். தாளில் உருவம் ஏற ஏற அவன் சட்டத்தின் மேல் குனிந்தான். சேலைக் கரையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கண்ணிமை மயிர்கள் தெரிந்தன. முகமோ முன்னைவிடக் கறுத்திருந்தது, திட்டுகள் முன்னைவிடத் தெளிவாக இருந்தன. நல்ல லென்ஸ் கெட்ட செய்தியையும் நன்றாகச் சொல்லியிருந்தது.

அன்று அவன் யாரிடமும் படத்தைக் காட்டவில்லை. வீட்டின் பின்புறம் கல்லில் உட்கார்ந்துகொண்டான். ஒருவேளை நமக்குத் தெரியாமல் ஏதாவது இருக்குமோ, கேமராவுக்கு மட்டும் தெரிகிறதோ என்றுகூட நினைத்துவிட்டான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான். பிறகு கழற்றி வைத்திருந்த பழைய லென்ஸை எடுத்து, அதைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு அந்தக் கன்னத்தைப் பார்த்தான்.

காதடியிலிருந்து தாடைவரை நான்கு கோடுகள் ஓடின. பக்கம் பக்கமாக, ஒரே வளைவில், ஒரே அகலத்தில். நோய் இப்படி நான்கு விரலாக நடந்து போகாது. அது மங்களத்தின் கை.

அம்மியில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. சிவப்புக்கு அந்தத் தட்டு குருடு, இன்னும் ரெண்டொரு வர்ணம் அப்படித்தான் என்று சாகிப் சொன்னது அப்போதுதான் அவன் காதுக்குள் முழுசாகப் போனது. வெள்ளைப் பீங்கான் மங்குத் தட்டு ஒன்றை எடுத்துப் பாதிக்கு மஞ்சளைப் பூசி, வெயிலில் நிறுத்திப் படம் பிடித்தான். மறுநாள் அந்தப் படத்தில் தட்டின் ஒரு பாதி வெள்ளையாக இருந்தது, மறுபாதி தார் பூசியதுபோல் இருந்தது.

இரண்டு படங்களையும் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தான். விஷயம் புரிய கங்காணிக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் மங்களம் ஒப்பவில்லை.

“மஞ்சள் இல்லாத மொகத்தப் படம் புடிச்சு மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புறதா? மூளி மொகத்தையா?”

“படத்துல மஞ்சள் மஞ்சளாத் தெரியலண்ணி. கரியாத் தெரியுது.”

“ஒங்க தட்டு குருடுன்னா அதுக்கு எம் புள்ளையா பொறுப்பு? வேற நல்ல தட்டு வாங்குங்க.”

“அதுலயும் முழுசா சரியா வராதாம். நேத்து ஈப்போவுக்குப் போன ஆள்கிட்ட பாயிக்குக் கடுதாசி குடுத்து விசாரிச்சேன்.”

“வராட்டிப் போகட்டும். மொதமொதல்ல அந்த வீட்டுக்குள்ள போற மொகம் இது. வெறும் மொகமாப் போனா நாளைக்கு எதுனா ஒன்னு ஆச்சுன்னா யாரச் சொல்லுவாங்க? பெத்தவளத்தான் சொல்லுவாங்க.”

கங்காணி இருவரையும் பார்த்தார். மஞ்சளோடு அனுப்பினால் குட்டம் என்பார்கள். இல்லாமல் அனுப்பினால் சொந்த வீட்டின் முறையைத் தானே மீறியவர் ஆவார். எந்தப் பக்கம் போனாலும் குனிய வேண்டியிருந்தது, அவருக்குக் குனிந்து பழக்கம் இல்லை. அன்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தும் அவர் இலையில் உட்காரவில்லை.

சாயங்கால மழைக்கு முன்னால் நவமணி தானே குழாயடிக்குப் போனாள். நல்லெண்ணெயும் பயற்றமாவும் வைத்து முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். பல வருஷத்து மஞ்சள் ஒரு கழுவலில் போகாது. மூன்று நாள் காலையும் மாலையும் தேய்த்தாள். மங்களம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் மகள்தான் பேசினாள்.

“அவங்க கேட்ட கேள்விய மஞ்சளப் பூசி மூடப் பாத்தோம். அது படத்துல எந்திரிச்சு நிக்குதும்மா.”

“நான் மூடவா பூசினேன்? நல்லாருக்கணும்னு பூசினேன்.”

“தெரியும்மா. நாலு வெரலும் தெரியுது.”

மங்களம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு உடையப்பனைக் கூப்பிட்டாள்.

“காலு படத்துல வருமா?”

“வராதுண்ணி. இடுப்பு வரைக்குந்தான்.”

அவள் அம்மியில் ஒரு துண்டு மஞ்சளை இழைத்தாள். மகளை உட்காரவைத்து, கணுக்காலிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு இடம் விடாமல் பூசினாள். மூன்றாவது படத்துக்கு நவமணி வெறும் முகத்தோடும் மஞ்சள் பாதங்களோடும் உட்கார்ந்தாள்.

படம் வந்தது. கங்காணி அதை வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அது நவமணி, வேறு யாரும் இல்லை. ஐந்து வயதில் பால் ஊற்றும் தொட்டி விளிம்பில் விழுந்தபோது வந்த சிறு தழும்பு புருவத்துக்கு மேலே இருந்தது. கேலி பேசும்முன் அவள் உதட்டோரம் கொஞ்சம் இறங்குமே, அதுவும் இருந்தது. கங்காணி படத்தை மங்களத்திடம் கொடுத்தார். மங்களம் அதை மார்போடு வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அப்பாவு வந்தார். அன்றைக்குக் கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்.

“இதப் பாத்தா அந்தம்மா எந்திரிச்சு நடந்துரும் மச்சான். குடுங்க, நாளைக்கே கொண்டு போறேன்.”

“இருங்க மச்சான்,” என்றார் கங்காணி.

“ஏன்?”

“கொண்டு போனா என்னா சொல்லுவாங்க?”

“நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. வேற என்னா?”

“அதான். எம் மவளுக்கு நோவு இல்லன்னு அவங்க சொல்லணும், அதுக்கு நாங்க வாசல்ல காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

“அனுப்பாட்டிப் பேச்சு நிக்காது மச்சான்.”

“தெரியுது. தெரிஞ்சுதான் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

உள்வாசலில் வளையல் சத்தம் கேட்டது. நவமணி கதவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, படம் போகட்டும். ஆனா சித்தப்பாவே கொண்டு போகட்டும். பொட்டியையும் எடுத்துட்டுப் போகட்டும்.”

“பொட்டி எதுக்கு?”

“அவரையும் ஒன்னு புடிச்சுட்டு வரட்டும். அவரு மூஞ்சி எனக்கும் தெரியணுமில்ல.”

அப்பாவு வாயிலிருந்த கிழங்கை அவசரமாக விழுங்கினார். “மாப்பிள்ளையப் படம் புடிக்கிறதா? ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமா இருக்கே மவளே.”

“பொண்ணப் படத்துல பாத்துட்டு நோவு கேக்குறது மட்டும் எந்த ஊரு வழக்கம் மாமா?”

அப்பாவு கங்காணியைப் பார்த்தார். மங்களம் மகளை அதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். உடையப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான். கங்காணி வீட்டில் ஒரு பெண் இப்படிச் சபையில் பேசி யாரும் கேட்டதில்லை. கங்காணி மீசையை ஒரு பக்கம் நீவினார், பிறகு மறு பக்கம் நீவினார். கூரைத் தகரத்தில் இரண்டு மூன்று துளிகள் விழுந்து மழை தொடங்கியது.

“வடக்க போற ரயிலு எத்தன மணிக்கு?” என்று தம்பியைக் கேட்டார்.

“காலையில எட்டுக்கு மேலண்ணே.”

“தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். மச்சானோட நீயும் போ. மாயாண்டிகிட்ட மரியாதையாப் பேசு. அந்தம்மா கையிலதான் படத்தக் குடுக்கணும், வேற யாரு கையிலயும் குடுக்காத. அவங்க பாத்து முடிச்ச பெறகு, எங்க வீட்டுலயும் பாக்கணும்னு கேக்குறாங்கன்னு சொல்லு.”

“சரிண்ணே.”

உடையப்பன் கேமராப் பெட்டியை எடுக்க உள்ளே திரும்பினான். கங்காணி மறுபடி கூப்பிட்டார்.

“அந்தப் பையன மூஞ்சியில பவுடர் கிவுடர் பூசாம உக்காரச் சொல்லு.”